ஏரிக்கரையில் நிற்கிற ஆள்

புதன்கிழமை அந்த ஆள் அங்கே இல்லை. முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே ஏதோ நினைப்பில் தலையை நிமிர்த்திய சிவபாக்கியத்துக்கு முதலில் தோன்றியது அவ்வளவுதான். பயமெல்லாம் பிறகுதான் வந்தது. ஏரி இருந்தது. ஏரிக்குப் பின்னால் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்த மூன்று மலை, வலது ஓரத்தில் சிவப்பு ஓட்டுப் பங்களா, அங்கிருந்து தண்ணீர்வரைக்கும் இறங்கிவருகிற ஒற்றையடிப் பாதை, எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. பாதை முடிகிற இடத்தில், மரத்து நிழலில், ஒரு மனுசன் நின்றுகொண்டிருந்தான். கறுத்த கோட்டு, கையில் கம்போ குடையோ என்னமோ ஒன்று. முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நகத்தளவு வெளிறிய சாயம், அவ்வளவே. ஆனால் அந்தச் சாயம் கூடத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கூடத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள். படம் இன்னும் சுவர் ஏறவில்லை, சோபாவின் மேல் சாய்த்து வைத்திருந்தது. அவள் வீட்டுக்காரர் நஞ்சப்பன் காலையில் இரண்டு ஆணி அடித்துப் பார்த்தார், இரண்டும் வளைந்து போயின. காங்கிரீட்டுச் சுவரை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, வேறு கொக்கி வாங்கி வருகிறேன் என்று மூன்று மணிக்கு வடவள்ளிக் கடைவீதிக்குக் கிளம்பிவிட்டார். ஆணி வாங்கப் போனவர் ஒரு டீயும் குடித்து, ஒரு செய்தித்தாளையும் படித்து, வழியில் பார்த்தவனிடம் நாட்டு நடப்பும் பேசிவிட்டு வர எப்படியும் அஞ்சாகும். சனிக்கிழமை மத்தியானம், அடுக்ககம் முழுக்கத் தூங்குகிற நேரம்.

இருக்கட்டும், இதிலென்ன, அவன் முன்னாலேயே அங்கே நின்றிருப்பான், நாம் கவனித்திருக்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டு குனிந்து ஒரு கொத்தை எடுத்தாள். காம்பைப் பிடித்து ஒரு இழுப்பு, இலையெல்லாம் முறத்தில். கவனிக்காமல் எப்படி? குன்னூருக்கு மேலே அந்த எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணுகிறார்கள், பழைய சாமான் எல்லாம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் புதன்கிழமை போய், நாற்காலியும் வேண்டாம் பீங்கானும் வேண்டாம் என்று இந்தப் படத்தைக் கைகாட்டியதே அவள்தானே. நூறு வருசத்துக்கு முந்தினது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் எண்ணெய்ச் சாயத்தில் தீட்டினது என்று அங்கிருந்தவர் சொன்னார். கணப்புப் புகை பட்டுப் பட்டுப் படம் முச்சூடும் டிகாக்சன் கலரில் இருந்தது. அதுவே ஒரு அழகாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ஆளே இல்லாத ஊரா இருக்குதுங்களே' என்று அவள் சொன்னாள். அதற்கு நஞ்சப்பன், 'ஆளில்லாததுனாலதான் புள்ள நிம்மதியா இருக்குது' என்றார். அங்கிருந்தவர்கூடச் சிரித்தார். சொன்னோம், சத்தியமாகச் சொன்னோம். சொன்னோமா? நினைத்தோமா? நினைத்திருந்தால் அவர் எப்படிப் பதில் சொல்லியிருப்பார்? ஒருவேளை அவர் சொன்னதையும் நாமே நினைத்துக்கொண்டோமோ? அடக் கடவுளே, இதென்ன கூத்து, ஒரு வாய்ப்பேச்சை இப்படி எத்தனை தடவைதான் திருப்பித் திருப்பிப் பார்ப்பது. அவள் கண்ணை மூடி, ஏரி ஒன்று, மலை மூன்று, பங்களா ஒன்று, பங்களாவுக்கு ஜன்னல் நாலு என்று மனசுக்குள் எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். கொஞ்சம் நெருங்கி நிற்கிறானோ என்றுகூட இருந்தது.

படம் வாங்கின அந்த எஸ்டேட் பங்களாவே சரியில்லை. போன உடனேயே அவளுக்குப் பட்டது, வாயைத் திறந்தால் இவர் கேலி பண்ணுவார் என்று அடக்கிக்கொண்டாள். ஈரத்துணி நாற்றம், மூடிவைத்த பியானோ, மேல்மாடியில் ஒரே ஒரு அறைக்கு மட்டும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள். காவல்காரன் படத்தைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது அதன் முகத்தைத் தன் பக்கம் காட்டாமல் முதுகுப்புறமாகத்தான் பிடித்துக்கொண்டான், அதை அவள் பார்த்தாள். ஏன் அப்படிப் பிடித்தான்? யாரோ செத்திருப்பார்கள். ஏரியில் போயிருப்பார்கள். போனவன் கரையேறி இப்போதுதான் பாதைக்கு வந்திருக்கிறான், நாளைக்குப் பங்களாப் பக்கம் போகாமல் இந்தப் பக்கம் வருவான். இப்படி நினைத்ததும் முதுகெலும்பில் ஜில்லென்று ஒன்று இறங்கத்தான் செய்தது. ஆனால் கூடவே, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மனசின் ஒரு மூலையில் ஒரு தெம்பும் வந்தது. பேயாக இருந்தால் தேவலை. பேய்க்கு ஆயிரம் வழி இருக்கிறது. எலுமிச்சம்பழம் சுத்திப் போடலாம், மிளகாய் சுத்தி அடுப்பில் போடலாம், மருதமலையில் போய் மந்திரிச்ச கயிறு வாங்கலாம், ஒன்றுமில்லாவிட்டால் படத்தையே தூக்கி எறியலாம். இன்னொன்றாக இருந்தால் எதைச் சுத்திப் போடுவது, எதைத் தூக்கி எறிவது? முருகா, அது பேயாகவே இருக்கட்டும் என்று அறுபத்தோரு வயசுப் பொம்பளை நட்டநடுப் பகலில் வேண்டிக்கொண்டாள்.

அந்த இன்னொன்றுக்குப் பேர் வைக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. பெரியக்கா நாகமணிக்கு வந்தது அது. பொள்ளாச்சியில் அக்கா வீட்டில் போய்த் தங்கியிருந்த ஒரு விடியற்காலை. அக்கா வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து காப்பி குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனாள். வந்தாள், கையைக் கழுவினாள், மறுபடி டப்பாவை எடுத்தாள். வாசலில் போய்ப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோலம், புள்ளி எது கோடு எது என்று தெரியாமல் ஒரே வெள்ளைக் குழப்பம். மருமகள் சிரித்தாள். பாக்கியமும் சிரித்தாள், அதுதான் இப்போதுவரை நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அக்காவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை, கண் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வருசத்தில் எல்லாம் போயிற்று. கடைசியில் கட்டின புருசனை, மாமாவையே காட்டி, 'இந்தப் பெரியவரு யாரு, எதுக்கு நம்மூட்டுல படுத்திருக்காரு, அனுப்பிடு பாக்கியம்' என்று காதில் கிசுகிசுத்தாள். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இது ரத்தத்தில் வருகிறது என்கிறார்கள். அம்மாவுக்கு வந்திருக்குமா என்று கேட்க முடியாது, அம்மா நாப்பதிலேயே போய்ச் சேர்ந்தாள். ச்சீ, என்ன நினைப்பு இது. நமக்கென்ன, நேற்றுச் சாப்பிட்டது தெரியாதா, இன்றைக்குக் கிழமை தெரியாதா? நட்சத்திரம் இருபத்தேழையும் ஒரே மூச்சில் சொல்கிறவள் அவள். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம், பூசம், ஆயில்யம், மகம், பூரம், உத்திரம், அஸ்தம். அஸ்தம். அஸ்தத்துக்கு அப்புறம்? பூரம், உத்திரம், அஸ்தம். நாக்கு நுனியில்தான் இருக்கிறது. கீரைக்காம்பு கையில் அப்படியே நின்றது. சித்திரை! அட, சித்திரை. மாசாமாசம் அவர் பேருக்கு அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது சொல்கிற நட்சத்திரம், அதுவா நின்றுபோகும்? யாருக்கும் நிற்கும். பதட்டத்தில் யாருக்கும் நிற்கும்.

இப்படி உட்கார்ந்து புழுங்குவதற்கு எழுந்துபோய்ப் பார்த்துவிடலாமே என்று முறத்தைத் தள்ளி வைத்தாள். முட்டி கடகடவென்றது. கூடம் பத்தடிதான், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் அவன் பெரிதாகிக்கொண்டு வருகிற மாதிரி இருந்ததால் நடுவில் ஒருதரம் நின்றுவிட்டாள். அப்புறம் எது வந்தாலும் வரட்டும் என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். குனிந்ததும் தெரிந்தது, இந்தப் பக்கம் மட்டும் தண்ணீர் நீலமாக இருக்கிறது. படம் முச்சூடும் டிகாக்சன் கலர், மரமும் பாதையும் ஏரியின் ஒரு கரையும் மட்டும் பளிச்சென்று, கை போய் வந்த வளைவு வளைவாக. யாரோ துடைத்திருக்கிறார்கள்! ஈரத்துணி வைத்து இழுத்திருக்கிறார்கள். நூறு வருசப் புகைக்குள்ளே பாவம் அவன் அங்கேயேதான் நின்றிருக்கிறான், அழுக்குப் போனதும் வெளியே வந்துவிட்டான். மேலே பார்த்தால் சட்டத்தின் நடுவில் அழகாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம், நாலு மூலையிலும் நாலு பொட்டு. பாக்கியத்துக்கு வயிறு குலுங்கச் சிரிப்பு வந்துவிட்டது. வேறென்ன, நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையானால் வீட்டில் சட்டம் போட்ட படம் எதுவாக இருந்தாலும் துடைத்துப் பொட்டு வைத்தாக வேண்டும், லட்சுமியானாலும் சரி, மாமனாரானாலும் சரி. அந்தச் சின்னம்மிணி, வேலைக்கு வருகிறவள், பூசை அறையைத் துடைத்த கையோடு இந்த வெள்ளைக்காரன் ஏரிக்கும் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கூறு கெட்டவள். நல்ல பழைய படத்தைப் பாழாக்கினாளே என்று கோபம் வரவேண்டியது, வரவில்லை. அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது. பேயும் இல்லை, அதுவும் இல்லை. நாம் புதன்கிழமை பார்த்தது சரி, சொன்னது சரி, எல்லாம் சரி.

ஆனாலும் நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும் என்று போனை எடுத்து அடித்தாள். மணி வெகுநேரம் போயிற்று. எடுத்ததும் பின்னால் பறைச் சத்தமும் பொம்பளைகள் குரலும் கேட்டன.

'ஏ சின்னம்மிணி, உன்னைய யாரு அந்தப் பெரிய படத்தைத் துடைக்கச் சொன்னது?'

'எந்தப் படமுங்க்கா?'

'நேத்து நீ துடைச்சுப் பொட்டு வெச்சியே, சோபா மேல இருக்கிறது.'

'நேத்து நான் எங்கீங்க்கா வந்தேன்? வியாழக்கிழமை காலைலயே ஊருக்கு வந்துட்டனுங்களே, எங்கத்தை தவறிப் போயிட்டாங்கன்னு. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானுங்களே வந்தேன். நீங்கதானுங்க தக்காளிச்சோறு கட்டிக் குடுத்து, அய்யாவை வண்டியில கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டுல உடச் சொன்னீங்க.' அவள் குரல் தணிந்தது. 'உடம்பு கிடம்பு சரியில்லீங்களாங்க்கா?'

'அட ஆமா, நல்லாக் கேட்டே போ, எனக்கென்ன கேடு' என்று சிரித்தாள் பாக்கியம். தன் சிரிப்பு அக்கா சிரிப்பு மாதிரி இருந்தது அவளுக்கே கேட்டது. தக்காளிச்சோறு ஞாபகம் இருந்தது. கறிவேப்பிலை கொஞ்சம் தீய்ந்துபோனதுகூட ஞாபகம் இருந்தது. அது யாருக்கு என்பதுதான் இல்லை. அவள் மனசில் அந்தச் சோறு டப்பாவில் அடைத்து மேடைமேல் இருக்கிறது, அதற்கப்புறம் அதை யார் எடுத்தார்கள் என்று பார்க்கப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை, கரண்டு போன அறை மாதிரி. போனை வைத்துவிட்டுப் பூசை அறைக்குப் போனாள். முருகன், லட்சுமி, பிள்ளையார், மாமனார், மாமியார், எல்லாரும் துடைத்து வைத்த மாதிரிப் பளபளவென்று நேற்றைய செவ்வந்தியோடு இருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் தலைக்குக் குளித்தது தெரியும். விளக்கேற்றியது தெரியும். இந்தப் படங்களைத் துடைத்தது? துடைத்திருப்பாள், துடைக்காமல் இருப்பாளா, முப்பத்தாறு வருச வெள்ளிக்கிழமையில் எதை நேற்றையது என்று பிரித்து எடுப்பது? கை பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே போயிருக்கும். இங்கே முடித்துவிட்டுக் கூடத்துக்குப் போயிருக்கும். அந்தப் பெரிய சட்டத்துக்கு முன்னால் நின்றிருப்போமே, கை வலிக்கத் தேய்த்திருப்போமே, அந்த ஆள் கொஞ்சங் கொஞ்சமாக வெளியே வந்ததை நம் கண்ணாலேயே பார்த்திருப்போமே. எங்கே போயிற்று அது? பால்கனிக் கொடியில் துடைக்கிற துணி தொங்கியது, துவைத்துப் பிழிந்தும் போகாத டீக்கறையோடு. அவள் அதை மூக்கில் வைத்துப் பார்த்தாள். பங்களாவின் புகை நாற்றம் அடித்தது. தன் வலதுகை மோதிரவிரலை விரித்துப் பார்த்தாள், நகக்கண்ணில் சிவப்பு. அழவேண்டும் என்று தோன்றவில்லை. பயம் ஒன்றுதான், குளத்தில் இறங்கும்போது காலுக்கடியில் படி இல்லாமல் போகுமே, அந்தப் பயம்.

சரி, யாருக்கும் தெரியவேண்டாம். அவள் முடிவு பண்ணிவிட்டாள். மறுபடி முறத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கீரையை இழுத்துக்கொண்டாள். வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவர்மேல் போட முடியாது, அவர் கறுப்புச் சட்டைக்காரர், இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கு அய்யர் போகிறவரை கீழே வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நின்ற மனுசன், சாமி படத்தைக் கையால் தொட்டதில்லை. அப்படியானால் உள்ளதையே சொல்லிவிட வேண்டியதுதான். நேத்து எல்லாப் படத்தையும் துடைக்கிறப்ப இதையும் ஒரு இழுப்பு இழுத்தேனுங்க, உள்ளே பார்த்தா ஒரு ஆளு நிக்கறான். இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னால் போயிற்று. நடந்ததைத்தான் சொல்லப்போகிறோம், ஆனால் வாய்க்குள் வைத்துப் பார்த்தால் பச்சைப் பொய் மாதிரி ருசித்தது. இழுத்தேனுங்க, நிக்கறான். இழுத்தேனுங்க, நிக்கறான். ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தாள். மறந்துபோகக் கூடாதே என்று இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டாள். வெளியே லிப்ட் கதவு திறந்தது, சாவி திரும்பியது.

நஞ்சப்பன் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். செருப்பைக் கழற்றியவர் முதலில் படத்தைப் பார்த்தார், அப்புறம் முறத்தைப் பார்த்தார், கீரையும் காம்பும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

'ஏனுங்க, இந்தப் படத்தை...'

'நான்தான் புள்ள துடைச்சேன்' என்றார் அவர். 'நேத்து நீ குளிக்கப் போயிருந்தப்ப. தூசியா இருந்துதேன்னு ஒரு துணியை எடுத்துத் துடைச்சேன், உள்ள ஒரு ஆளு இருந்திருக்காரு பாரு.'

'அந்தப் பொட்டு?'

'அதும் நான்தான். வெள்ளிக்கிழமையில்ல.'

சொல்லிவிட்டுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர் சுவர்ப்பக்கம் போனார். பொய் சொன்னவருக்கு ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை, கண்கூடச் சிமிட்டவில்லை. இது புதிதாகச் சொன்ன பொய் இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. நான்தான். இந்த வார்த்தையை எத்தனை தடவை கேட்டிருக்கிறாள். ஆடி மாசம் கேஸைத் திறந்துவிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, 'நான்தான் மறந்துட்டேன்' என்றார். பாலுக்கு ரெண்டு தடவை உறை ஊற்றி மொத்தமும் புளித்தபோது, 'நான்தான், தெரியாம ஊத்திட்டேன்' என்றார். கதவு திறந்து கிடந்தபோது, குழாய் திறந்து கிடந்தபோது, அவளுடைய வளையல் சர்க்கரை டப்பாவுக்குள் கிடந்தபோது, எல்லாத்துக்கும் நான்தான், நான்தான். அவள் ஒவ்வொரு தடவையும் வாய் ஓயத் திட்டித் தீர்த்தாள், அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். போன வாரம்தானே பொள்ளாச்சிக்குப் போன் பண்ணி நாத்தனாரிடம் அழுதாள், 'உங்கண்ணனுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு கண்ணு, எங்க பெரியக்காளாட்ட ஆயிருவாரோன்னு எனக்குப் பயமா இருக்குது' என்று. நாத்தனார் அவசரமாகப் பேச்சை மாற்றினாள். அவளுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும். ஐயோ, இந்த மனுசன் எத்தனை மாசமாகத் தனியாளாக இதைச் சுமந்துகொண்டு கடைவீதிக்கும் வீட்டுக்கும் நடக்கிறார். எழுந்துபோய் அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறவேண்டும் போல இருந்தது. கதறினால் அப்புறம் அவருக்குப் பொய் சொல்ல ஒரு இடம் இருக்காது. அவள் கீரையிலிருந்து ஒரு காம்பைப் பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்தாள்.

'பழைய படத்தை ஈரத்துணி வெச்சா துடைப்பாங்க? வாங்கறப்பவே அந்தாளு துடைக்கப்படாதுன்னு சொன்னாருல்ல?' என்றாள். குரல் வழக்கம்போல வீச்சாகத்தான் வந்தது. 'எதைச் சொன்னாலும் அடுத்த நிமிசம் மறந்துபோறீங்க. மறதி முத்திப்போச்சுங்க உங்களுக்கு.'

நஞ்சப்பன் சுவரைப் பார்த்தபடியே கொக்கிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நூலை அவிழ்க்க வெகுநேரம் ஆயிற்று.

'ஆமா பாக்கியம்' என்றார். 'முத்தித்தான் போச்சு.'